ஆழம் அறியாத கொடை

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது பழமொழி. நீரில் இறங்குவோனை நோக்கிச் சொல்லப்பட்ட அறிவுரை அது. ஆயினும், தான் இறங்காது வேறோர் உயிரை நீரினுள் இறக்கிவிடுவோனுக்கும் அவ்வறிவுரை பொருந்தும். அதற்கு அமெரிக்க நாட்டின் மொண்டானா மாநிலத்தில் மலைகளுக்கிடையே கிடக்கும் ஃபிளாட்ஹெட் ஏரியின் வரலாறு சான்றாக நிற்கின்றது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் அவ்வேரியிலும் அதனைச் சார்ந்த நீர்நிலைகளிலும் மனிதர் கொண்டுவந்து விட்ட உயிர்கள் பல. ஏரியைக் கெடுக்கவேண்டும் என்னும் எண்ணத்துடன் விடப்பட்டது அவற்றுள் ஒன்றுமில்லை. மீன்வளம் பெருகவேண்டும், மக்கள் பயனடைய வேண்டும் என்னும் விருப்பமே அவற்றின் பின்னால் இருந்தது. அவ்விருப்பம் ஏரியின் வாழ்வையே எவ்வாறு புரட்டிப் போட்டது என்பதனை ஆராய்வது மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தருவதாகும்.

ஏரியும் அதன் மக்களும்

ராக்கி மலைத்தொடரின் மேற்குப் பகுதியில், பனியூழிக் காலத்துப் பனியாறுகள் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற பெருநீர்நிலை ஃபிளாட்ஹெட் ஏரி. கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 880 மீட்டர் உயரத்தில் அமைந்த அதன் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் அதன் ஆழம் 113 மீட்டர். கோடையிலும் அதன் அடிநீர் குளிர்ந்தே இருக்கும். இந்த ஆழமும் குளிர்ச்சியும் பின்னர் நிகழ்ந்தவற்றைப் புரிந்துகொள்ள மிகவும் இன்றியமையாதவை.

சேலிஷ், பான்டுரே, கூட்டனே எனப்படும் பழங்குடி மக்கள் தொன்றுதொட்டு அவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றனர். 1855ஆம் ஆண்டில் அமெரிக்க அரசுக்கும் அவர்களுக்கும் ஏற்பட்ட ஹெல்கேட் உடன்படிக்கையின்படி அவர்தம் நிலத்தின் பெரும்பகுதி கைமாறியது. எஞ்சிய ஒதுக்கீட்டு நிலத்தினுள் ஏரியின் தென்பாதி அடங்கிற்று. அந்நிலத்து நீரோடைகளில் மீன்பிடிக்கும் உரிமையையும் அவர்கள் விட்டுக்கொடாது காத்துக்கொண்டனர். நிலம் குறைந்த மக்களுக்கு நீர் தரும் உணவு எத்துணைப் பெரிது என்பதனை அவ்வுரிமை உணர்த்துகின்றது.

அந்நாளில் அந்நீரில் வாழ்ந்த மீன்களுள் இரண்டு தலையாயவை. ஒன்று, தாடையின் கீழே செந்நிறக் கீற்றுடைய கட்துரோட் டிரவுட். மற்றொன்று, புல் டிரவுட் என்னும் பெருமீன். இரண்டும் ஏரியில் வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் ஆறுகளின் வழியே மலையோடைகளை நோக்கி நெடுந்தொலைவு ஏறிச்செல்லும் இயல்புடையவை. பனியூழிக்குப் பின் பல்லாயிரம் ஆண்டுகளில் அவை ஏரிக்கும், ஏரி அவற்றுக்கும் பழகியிருந்தன.

முதல் விருந்தாளிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீன்களை ஓரிடத்திலிருந்து பெயர்த்து மற்றோரிடத்தில் வளர்ப்பது அமெரிக்காவில் அரசின் பெரும்பணிகளுள் ஒன்றாயிற்று. 1871இல் அதற்கென மீன்வள ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் இதற்கெனவே அமைக்கப்பெற்ற இரயில் பெட்டிகளில் மீன்குஞ்சுகள் நாடெங்கும் பயணம் செய்தன. வயலில் புதிய பயிரை நடுவது போன்றே ஏரியில் புதிய மீனை விடுவதும் முன்னேற்றம் என அக்காலத்தவர் கருதினர். ஏரியை அவர்கள் ஒரு வெறும் கலமாகவே கண்டனர். கலத்தில் எதனை இட்டாலும் இட்டது அப்படியே இருக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

1905இல் ஃபிளாட்ஹெட் ஏரியில் ஏரி டிரவுட் என்னும் மீன் விடப்பட்டது. கிழக்கிலுள்ள பேரேரிகளிலும் கனடாவின் குளிர்நீர் ஏரிகளிலும் வாழும் இம்மீன் ஆழத்தை விரும்புவது; பிற மீன்களை இரையாக்குவது; முப்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ வல்லது. ஆயினும் வந்த பின்னர் எண்பது ஆண்டுகள் வரை அது ஏரியில் பெருகவில்லை. அதன் இளங்குஞ்சுகள் ஆழத்தில் உண்டு வளர்வதற்கேற்ற உணவு அங்கே போதுமான அளவில் இல்லாமையே அதற்குக் காரணம். இக்குறிப்பை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

1916இல் கொக்கானி வந்து சேர்ந்தது. கடலுக்குச் செல்லாது ஏரியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் சால்மன் இனம் இது. நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளே இதன் உணவு. மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் வளர்ந்து, உடல் செந்நிறமாகி, ஓடையில் ஏறி ஒரேமுறை முட்டையிட்டு மடிந்துவிடும். ஃபிளாட்ஹெட் ஏரி இதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. சில பத்தாண்டுகளில் உள்நாட்டுக் கட்துரோட் மீனைப் பின்னுக்குத் தள்ளி, தூண்டிற்காரரின் முதன்மை மீனாகக் கொக்கானி இடம்பிடித்தது. ஏரியின் பழைய ஒழுங்கு முதன்முதலாகக் குலைந்தது அப்போதேயாம். புதிய மீன் ஏராளமாகக் கிடைத்தமையால் பழைய மீனின் இழப்பை எண்ணி வருந்தியவர் சிலரே.

கழுகுகள் கூடிய ஓடை

கொக்கானி மீன்கள் இலையுதிர் காலத்தில் ஏரியிலிருந்து வடக்கே ஆற்றில் ஏறி, கிளேசியர் தேசியப் பூங்காவினுள் ஓடும் மெக்டொனால்டு ஓடையில் முட்டையிடலாயின. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான மீன்கள், சில ஆண்டுகளில் 100,000க்கும் மேற்பட்டவை, அச்சிற்றோடையில் வந்து நிறைந்தன. முட்டையிட்டு மடிந்த மீன்கள் கரையோரங்களில் ஒதுங்கின.

அவ்விருந்தை வானில் செல்லும் வெண்தலைக் கழுகுகள் கண்டுகொண்டன. 1939இல் சில பத்துக் கழுகுகளே அங்குக் காணப்பட்டன. ஆண்டுதோறும் அவற்றின் தொகை பெருகிற்று. 1981ஆம் ஆண்டில் ஒரே நாள் கணக்கெடுப்பில் 639 கழுகுகள் எண்ணப்பட்டன. கரடிகளும் நீர்நாய்களும் ஓநாய் போன்ற கையோட்டிகளும் பலவகை நீர்ப்பறவைகளும் அவ்வோடையை நாடி வந்தன. அக்காட்சியைக் காண மக்கள் திரண்டனர். 1983இன் இலையுதிர் காலத்தில் மட்டும் 46,000க்கும் மேற்பட்டோர் வந்து சென்றதாகக் கணக்குண்டு. மனிதர் விட்ட மீன் ஒன்று கானக விலங்குகளுக்கும் கழுகுகளுக்கும் வாழ்வளித்தது என்று பெருமை கொள்வதற்கு அன்று காரணம் இருந்தது.

வேற்றிடத்து வெற்றி

இவ்வேளையில் வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் வேண்டும். அங்குள்ள கூட்டனே ஏரியில் 1949இல் மைசிஸ் என்னும் நன்னீர்க் கூனியிறால் விடப்பட்டது. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இச்சிற்றுயிர், பனியூழிக் காலத்திலிருந்து குளிர்ந்த ஆழ்நீர் ஏரிகளில் எஞ்சி வாழ்ந்து வருவது. அவ்வேரியின் வானவில் டிரவுட் மீன்களுக்கு நல்லுணவு தருவதே திட்டம். டிரவுட்டுக்கு அதனால் விளைந்த பயன் பெரிதன்று. எதிர்பாராத வகையில், ஏரியின் மேற்குக் கரம் எனப்படும் ஒடுங்கிய பகுதியில் வாழ்ந்த கொக்கானி மீன்கள் கூனியிறாலை உண்டு வழக்கத்தைவிடப் பன்மடங்கு பருத்தன. 1964இல் இச்செய்தி வெற்றிச் செய்தியாக ஆய்விதழில் வெளியாயிற்று.

அவ்வெற்றியைக் கண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஏரிகளில் மைசிஸ் விடப்பட்டது. மொண்டானா மாநில மீன்வளத் துறையினரும் 1968 தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரையில் விட்ஃபிஷ், ஸ்வான் முதலிய ஏரிகளில் அதனை விட்டனர். ஃபிளாட்ஹெட் ஏரியில் ஒருவரும் அதனை விடவில்லை. ஆனால் மேற்கூறிய ஏரிகளின் நீர் ஆறுகளின் வழியே ஃபிளாட்ஹெட்டை வந்தடைவது. அதிகாரிகளின் ஏட்டில் ஏரிகளுக்கு எல்லை இருந்தது; நீருக்கு அவ்வெல்லை இல்லை. 1981இல் ஃபிளாட்ஹெட் ஏரியில் மைசிஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

எச்சரிக்கை எங்கும் எழவில்லை என்று கூறுவதற்கில்லை. கலிஃபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் இடையிலுள்ள ஆழ்ந்த தாகோ ஏரியில் 1960களில் மைசிஸ் விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், மீன்களின் உணவாகிய டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு அங்கே ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அதனை ஆராய்ந்தவர்கள் 1975இல் தம் முடிவை வெளியிட்டனர். வெற்றிச் செய்தியைக் கேட்டுப் பதினோராண்டு ஓடியவர்க்கு இவ்வெச்சரிக்கை காலந்தாழ்ந்தே கிட்டியது.

பகலும் இரவும்

கூட்டனே ஏரியில் மீனைப் பருக்கவைத்த உயிர், ஃபிளாட்ஹெட் ஏரியில் மீனை அழித்தது. ஒரே உயிர், ஒரே மீன்; விளைவு மட்டும் நேர்மாறு. இதன் காரணம் ஏரியின் ஆழத்தில் அடங்கியுள்ளது.

மைசிஸ் ஒளிக்கு அஞ்சும் உயிர். பகலெல்லாம் அது ஏரியின் இருண்ட அடித்தளத்தில் தங்கும். இரவு வந்ததும் மேல்நீருக்கு ஏறிவந்து, அங்கு மிதக்கும் டாஃப்னியா முதலிய நுண்விலங்குகளை உண்ணும். வைகறையில் மீண்டும் ஆழத்தில் இறங்கிவிடும். கொக்கானியோ கண்ணால் கண்டு இரைதேடும் மீன். அது பகலில் மேல்நீரில் மேய்வது. ஆகவே கொக்கானி உண்ண வரும்போது மைசிஸ் அங்கில்லை. மைசிஸ் மேலே வரும்போது கொக்கானியின் கண்ணுக்கு ஒளியில்லை. இரண்டும் சந்திப்பது அரிது. ஆனால் இரண்டுக்கும் உணவு ஒன்றே. கொக்கானிக்கு உணவாகும் என்று கருதப்பட்ட கூனியிறால், கொக்கானியின் கலத்திலிருந்த உணவை இரவில் வந்து உண்டுவிட்டுச் சென்றது.

கூட்டனே ஏரியின் மேற்குக் கரத்தில் நிகழ்ந்தது வேறு. அக்கரம் ஆழமற்றது. பெரிய ஏரியின் நீரோட்டம் கூனியிறாலை அடித்துக்கொண்டு வந்து அவ்வாழமற்ற நீரில் சேர்த்தது. பகல் வந்தபோது இறங்கி மறைவதற்கு அங்கே ஆழமில்லை. ஒளியில் அகப்பட்டுக்கொண்ட கூனியிறாலைக் கொக்கானி எளிதாக உண்டது. எனவே அவ்வெற்றி மைசிஸ் தந்த வெற்றியன்று. அவ்விடத்தின் அமைப்புத் தந்த வெற்றியாகும். பின்பற்றியவர்கள் உயிரை மட்டும் எடுத்துச் சென்றனர். இடத்தை எடுத்துச் செல்ல இயலவில்லை. அம்மேற்குக் கரத்திலும் கொக்கானி வளம் 1970களின் இறுதியில் சரிந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

வீழ்ச்சி

ஃபிளாட்ஹெட் ஏரியில் மைசிஸ் விரைந்து பெருகிற்று. 1986இல் ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பின் கீழ் ஏறக்குறைய 130 என்னும் அளவை எட்டியது. நீர்த்தெள்ளுகள் அருகின. அதே காலத்தில் கொக்கானியும் வீழ்ந்தது. பல்லாயிரக்கணக்கில் மீன்கள் ஏறிய மெக்டொனால்டு ஓடையில் 1987இல் எண்ணப்பட்டவை ஏறக்குறைய 330. 1989இல் ஐம்பதே எஞ்சின.

மீன் வாராத ஓடைக்குக் கழுகும் வாராது. 639 கழுகுகள் அமர்ந்திருந்த கரைமரங்களில் 1989இல் காணப்பட்டவை 25. காண வந்த மக்களும் ஆயிரத்திற்கும் குறைந்தனர். நீரின் அடியில் வாழும் ஒரு விரற்கடை நீள உயிர், வானில் பறக்கும் பேரினப் பறவையின் வழியை மாற்றியது. இவ்விரண்டையும் இணைத்த சங்கிலியை 1991இல் ஸ்பென்சர், மெக்கிளெலண்ட், ஸ்டான்ஃபோர்ட் என்னும் மூன்று ஆய்வாளர்கள் தம் கட்டுரையில் தெளிவுற எடுத்துக்காட்டினர். இன்றும் சூழலியல் பாடத்தில் அக்கட்டுரை எடுத்தாளப்படுகின்றது.

ஏரியின் கதை அத்துடன் முடியவில்லை. எண்பது ஆண்டுகள் பெருகாதிருந்த ஏரி டிரவுட்டைப் பற்றி முன்னர்க் கூறப்பட்டது. அதன் இளங்குஞ்சுகளுக்கு ஆழத்தில் இல்லாதிருந்த உணவு இப்போது வந்துவிட்டது. பகலில் அடித்தளத்தில் தங்கும் மைசிஸ், அடித்தளத்தில் வாழும் ஏரி டிரவுட்டுக்கு முன்னால் வைத்த விருந்தாயிற்று. குஞ்சுகள் தப்பிப் பிழைத்துப் பெருமீன்களாக வளர்ந்தன. வளர்ந்தவை எஞ்சிய கொக்கானிகளை உண்டன. உள்நாட்டு மீன்களையும் உண்டன. கொக்கானியை மீண்டும் நிலைநிறுத்த 1993 தொடங்கி ஐந்தாண்டுகள் ஏரியில் குஞ்சுகள் விடப்பட்டன. விடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஏரி டிரவுட்டின் வயிற்றையே அடைந்தன. முயற்சி கைவிடப்பட்டது.

மாற்றம் நீரின் நிறையுணவு வரைக்கும் சென்றது. பாசியை மேயும் நீர்த்தெள்ளுகள் குறைந்தமையால் பாசி வளர்ச்சி மிகுந்தது. ஏரிக்கரையில் 1899 முதல் இயங்கிவரும் உயிரியல் நிலையத்தினர் நீண்டகாலப் பதிவுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, மைசிஸ் வந்தபின் நுண்பாசிகளின் உற்பத்தி 21 விழுக்காடு உயர்ந்தது. மீனுக்கு உணவாக விடப்பட்ட ஒன்று, கழுகு முதல் பாசி வரையில் ஒவ்வொரு படியையும் அசைத்துவிட்டது.

உரிமையும் மீட்பும்

இவ்வளவுக்கும் இடையில் மிகுதியாக இழந்தது ஏரியின் பழைய குடியாகிய புல் டிரவுட். ஓடைகளின் சீர்கேடும் அணைகளும் அதனை முன்னரே நலிவித்திருந்தன. ஏரி டிரவுட்டின் பெருக்கம் அந்நலிவை முற்றச் செய்தது. 1998இல் அழிவை எதிர்நோக்கும் இனமாக அமெரிக்க அரசு அதனை அறிவித்தது. ஏரி டிரவுட் ஆறுகளின் வழியே மேலேறி, கிளேசியர் பூங்காவின் ஏரிகள் பலவற்றிலும் குடிபுகுந்துள்ளது. அவற்றுள் ஒன்றான குவார்ட்ஸ் ஏரியில் 2009 முதல் வலையிட்டு அதனைக் குறைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

ஃபிளாட்ஹெட் ஏரியில் இம்மீட்புப் பணியை முன்னின்று செய்பவர்கள் 1855இல் மீன்பிடி உரிமையைக் காத்துக்கொண்ட அதே பழங்குடி மக்களின் வழிவந்தோர். 2002 முதல் அவர்கள் ஏரி டிரவுட்டைப் பிடிப்போர்க்குப் பரிசு வழங்கும் போட்டிகளை நடத்தி வருகின்றனர். 2014 முதல் வலையிட்டும் பிடிக்கின்றனர். பிடித்த மீன் உணவாகப் பயன்படுகின்றது. இம்முயற்சியை எல்லாரும் ஒருமனத்துடன் ஏற்றனர் என்று சொல்லவியலாது. பெருமீனாகிய ஏரி டிரவுட்டைத் தூண்டிலிட்டு மகிழ்வோரும், அதனால் படகோட்டிப் பிழைப்போரும் உள்ளனர். அவர்களுக்கு அம்மீன் ஏரியின் செல்வமாகத் தோன்றுகின்றது. கொக்கானியை இழந்து வருந்தியோரின் பாட்டன்மார் கட்துரோட்டை இழந்தபோது வருந்தவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட ஏரியையே இயற்கையான ஏரி என எண்ணிக்கொள்கின்றது. மீட்புப் பணியில் பெருந்தடை இம்மறதியே எனலாம்.

மைசிஸை மட்டும் ஏரியிலிருந்து அகற்றும் வழி இதுவரையில் கிட்டவில்லை. ஒரு சில வாளிகளில் கொண்டுவரப்பட்டதனை எத்துணை வலைகளாலும் திரும்ப அள்ள இயலாது. மனிதர் செய்யும் பிழைகளுள் திருத்தத்தக்கவையும் உண்டு, திருத்தவொண்ணாதவையும் உண்டு. பிந்தியதைச் செய்யுமுன் காத்திருக்கும் பொறுமையே அறிவின் முதிர்ச்சியாகும்.

ஃபிளாட்ஹெட் ஏரியின் வரலாறு அறியாமையால் விளைந்த கேடு என்று கூறி முடித்துவிடுதல் எளிது. அஃது உண்மையின் ஒரு பாதியே. மைசிஸை விட்டவர்கள் கற்றவர்கள், ஆய்விதழ் படித்தவர்கள், வெற்றி பெற்ற முன்னுதாரணத்தைப் பின்பற்றியவர்கள். அவர்கள் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றே: அங்கே அது ஏன் வெற்றி பெற்றது? ஓரிடத்தில் நன்மை பயந்த ஒன்றை, அந்நன்மைக்குக் காரணம் யாதென ஆராயாது மற்றோரிடத்தில் கொண்டுசேர்க்கும் பழக்கம் மீன்வளத் துறைக்கு மட்டும் உரியதன்று. ஒரு பள்ளியில் பயன்தந்த பாடமுறையை மற்றொரு பள்ளியில் அப்படியே நடைமுறைப்படுத்துவோரும் அக்கேள்வியைக் கேட்டல் நன்று. கொடுப்பவன் தன் கையிலுள்ள பொருளை அறிந்தால் மட்டும் போதாது. பெறும் இடத்தின் ஆழத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.